12 வோல்ட் பேட்டரியில் ஒரு மேசைக் காற்றாடி: மோட்டாருக்கு ஏற்ற இன்வெர்ட்டரைச் செய்வது எப்படி?

பல்பு எரிந்துவிட்டால் இன்வெர்ட்டர் சரியாக இருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மோட்டார் அப்படி ஏமாறாது. அலையின் வடிவம், தொடக்கத்தில் இழுக்கும் கரண்ட், பாரம் ஏறும்போது சரியும் வோல்டேஜ் என்று பல்பு கண்டுகொள்ளாத எல்லாவற்றையும் அது கண்டுகொள்ளும். இங்கே வடிவமைப்பது ஒரே வேலைக்கான கருவி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சைன் அலை எடுத்து, 16 அங்குல மேசைக் காற்றாடி ஒன்றை ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். கோலாலம்பூரில் மாலை ஐந்துக்குக் கடை விரித்துப் பத்துக்கு மூடும் பசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரிக்கும், தைப்பூசத்தில் பத்துமலை வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களுக்கும் தேவைப்படுவது கிட்டத்தட்ட இதுதான்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாகக் காற்றாடி வாங்கப்போகிறீர்கள் என்றால் 12 வோல்ட் டிசி காற்றாடியையே வாங்குங்கள். இதே காற்றை ஏறக்குறையப் பாதி மின்சாரத்தில் தரும், இன்வெர்ட்டரே தேவைப்படாது. கையில் ஏற்கெனவே 230 வோல்ட் மோட்டார் இருந்து, அதைத்தான் ஓட்ட வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

எந்த மோட்டார்?

மேசை, சுவர், கூரைக் காற்றாடிகளில் பெரும்பாலும் இருப்பது கெப்பாசிட்டரோடு ஓடும் இண்டக்ஷன் மோட்டார். தொடக்கத்தில் ஓடும் கரண்டைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இழுக்கும், அவ்வளவுதான். மீன்தொட்டி பம்பு, சின்ன எக்ஸாஸ்ட் காற்றாடி போன்றவற்றில் பெரும்பாலும் ஷேடட் போல் மோட்டார். அதன் திறன் மோசம், ஆனால் பாரம் சிறியது. பிளெண்டரிலும் டிரில்லிலும் இருக்கும் கார்பன் பிரஷ் மோட்டார் அலை வடிவத்தைப் பற்றிக் கவலைப்படாது, வாட் மட்டும் அதிகம் கேட்கும். குளிர்பெட்டி கம்ப்ரெஸர் தொடக்கத்தில் ஐந்து மடங்குக்கு மேல் இழுப்பதால் இந்த அளவுக் கருவியில் அதை மாட்டவே கூடாது.

நம் கணக்குக்குக் காற்றாடி 55 வாட். லேபிளில் 45 முதல் 60 வரை எது எழுதியிருந்தாலும் இந்த வடிவமைப்பு தாங்கும்.

சதுர அலை ஏன் வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது சிடி 4047 சிப், இரண்டு மாஸ்ஃபெட் (வேகமாகத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்), நடுமுனை எடுத்த 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை கொண்ட சுற்று. எளிது, மலிவு, அரை நாளில் முடியும். வெளியே வருவதோ சுத்தச் சதுர அலை.

சதுர அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸ் 33 விழுக்காடும், 250 ஹெர்ட்ஸ் 20 விழுக்காடும் கலந்திருக்கும். மோட்டாரைச் சுற்றுவது 50 ஹெர்ட்ஸ் பகுதி. மற்றவை சூடாகவும் உறுமலாகவும் வீணாகின்றன. மீட்டர் 230 வோல்ட் காட்டினாலும் அதில் 50 ஹெர்ட்ஸின் பங்கு 207 வோல்ட்தான். ஆகவே காற்றாடி மெதுவாகச் சுற்றும், ஆனால் வழக்கத்தைவிடச் சூடாகும். கெப்பாசிட்டரின் நிலை இன்னும் மோசம். அதில் பாயும் கரண்ட் அதிர்வெண்ணோடு சேர்ந்து உயரும். மூன்று மடங்கு அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் என்றால், 150 ஹெர்ட்ஸ் மட்டுமே 50 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கரண்டைத் தள்ளப் பார்க்கிறது. 250 ஹெர்ட்ஸும் அப்படியே. தொடராக இருக்கும் சுருள்தான் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. சதுர அலையில் ஓடிய காற்றாடிகளில் முதலில் சாவது பெரும்பாலும் கெப்பாசிட்டர் என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு அரை அலைகளுக்கும் இடையில் சற்று இடைவெளி விட்டால் 150 ஹெர்ட்ஸ் மறையும் என்பது உண்மை. ஆனால் நடுமுனைச் சுற்றில் அந்த இடைவெளி காகிதத்தில்தான் இருக்கும். இரு மாஸ்ஃபெட்டும் அணைந்திருக்கும் நேரத்தில் மோட்டாரின் கரண்ட் நிற்காது. எதிர்ப்பக்க மாஸ்ஃபெட்டின் உள் டயோடு வழியாக ஓடி, வெளியீட்டை எதிர்த் திசையில் தள்ளிவிடும். பல்பு மாட்டிப் பார்த்தால் அழகான படிக்கட்டு அலை தெரியும். மோட்டாரை மாட்டியதும் அது குலைந்துபோகும். ஆகவே நான்கு மாஸ்ஃபெட் மாறி மாறித் திறந்து கரண்டின் திசையை மாற்றும் எச்-பிரிட்ஜும், துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்துச் சைன் அலை ஆக்கும் பிடபிள்யூஎம்மும்தான் நம் வழி. பாகங்களின் செலவு கொஞ்சம் கூடும். நிரல் எழுத வேண்டியதில்லை, ஈஜிஎஸ் 002 என்ற சிறு பலகை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கணக்கு

காற்றாடிக்கு 55 வாட். இன்வெர்ட்டரின் திறன் 85 விழுக்காடு என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 65 வாட் வர வேண்டும், அதாவது 12 வோல்டில் 5.4 ஆம்பியர். ஐந்து மணி நேரத்துக்கு 27 ஆம்பியர்-மணி.

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 60 ஆம்பியர்-மணிக்குக் குறையாத டீப் சைக்கிள் வகை தேவை. கார் பேட்டரி இஞ்சினைக் கிளப்பப் பிறந்தது. வாரத்துக்கு மூன்று இரவு இப்படி உறிஞ்சினால் சில மாதங்களில் படுத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 40 ஆம்பியர்-மணியே தாராளம். எடையும் தூக்கிச் செல்லும்படி இருக்கும்.

அடுத்து வருவது பலர் வழுக்கி விழும் இடம். 12 வோல்ட் பேட்டரி என்பதால் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுகிறார்கள். சைன் அலையின் உச்சம் பேட்டரி வோல்டேஜைத் தாண்ட முடியாது. பேட்டரி 11 வோல்டுக்கு இறங்கும்போது உச்சம் 11 என்றால் ஆர்எம்எஸ் மதிப்பு (ஏசியின் பயன்தரும் அளவு) 7.8. மாஸ்ஃபெட், சோக் (அலையை மென்மையாக்கும் சுருள்), கம்பி ஆகியவற்றில் போவதைக் கழித்தால் 7.4 வோல்ட் மிஞ்சும். அதை 240க்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் கொடுத்தால் 150 வோல்ட்கூட வராது. 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் தேறாது. நமக்கு வேண்டியது 6 வோல்ட்.

6 வோல்ட் என்று எழுதியிருப்பது முழுப் பாரத்தில் வரும் அளவு. பாரம் இல்லாமல் 6.5 வோல்ட் இருக்கும், ஆகவே சுற்றுகளின் விகிதம் சுமார் 37. தலைகீழாக ஓட்டி 230 எடுக்க 6.2 வோல்ட் வேண்டும். பாரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே சரிவதையும் சேர்த்து அதிகபட்சம் 6.9 என்று வைத்தாலும் 7.4க்குள் அடங்கிவிடுகிறது. மலேசியாவில் வீட்டு மின்சாரம் இப்போது பெயரளவில் 230 வோல்ட். பழைய சரக்குகளில் 240 என்று அச்சிட்டிருக்கும். இந்த வேலைக்கு 240 என்று எழுதியதே மேல். 230 மட்டும் எடுப்பதால் இரும்புக் கரு கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு 160 விஏ (வோல்ட்-ஆம்பியர்). தாழ் வோல்டேஜ் பக்கம் ஓடும் கரண்டைப் பாருங்கள்: 65 வாட்டை 7 வோல்டால் வகுத்தால் 9.3 ஆம்பியர் ஆர்எம்எஸ், உச்சத்தில் 13 ஆம்பியர், கிளம்பும்போது அதில் இரு மடங்கு. பேட்டரி மீட்டரில் தெரியும் 5.4 ஆம்பியரை நம்பிக் கம்பி போட்டால் அது சூடாகும்.

பாகங்கள்

- டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், 160 விஏ, 240 வோல்டுக்கு இரண்டு தனித்தனி 6 வோல்ட் சுருள்கள்: 1
- ஈஜிஎஸ் 002 பலகை: 1
- மாஸ்ஃபெட், ஐஆர்எஃப் 1404 அல்லது ஐஆர்எஃப் 3205: 4, கையிருப்புக்கு மேலும் 2
- 10 ஓம் ரெசிஸ்டர் 4, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 4
- 3300 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) கெப்பாசிட்டர்: 3
- 1 மைக்ரோஃபாரட் பிலிம் கெப்பாசிட்டர், 63 வோல்ட்: 2
- 1 மைக்ரோஃபாரட் மோட்டார் கெப்பாசிட்டர், 450 வோல்ட் ஏசி: 1
- சோக்குக்கு மஞ்சள்-வெள்ளை இரும்புத்தூள் வளையம் 2, 1.4 மி.மீ. எனாமல் கம்பி 3 மீட்டர்
- அளவெடுக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர், 240க்கு 6 வோல்ட், 1.5 விஏ: 1
- 1என் 4148 டயோடு 4, 10 கிலோ ஓம் பல சுற்று டிரிம்மர் 1
- 0.01 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்: 1
- 7805 ரெகுலேட்டர், 18 வோல்ட் டிவிஎஸ் டயோடு (வோல்டேஜ் எகிறாமல் தடுப்பது), 20 ஆம்பியர் பிளேடு பியூஸ், 1 ஆம்பியர் மெதுவாக அறும் கண்ணாடி பியூஸ்

புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் ஒரு நடை நடந்தால் இவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். இரட்டைச் சுருள் என்று கேட்கும்போது '6-0-6' என்று எழுதியதைக் கொடுத்தால் கவனியுங்கள். நடுமுனை உள்ளே கட்டப்பட்டிருந்தால் இரு சுருளையும் இணையாகச் சேர்க்க முடியாது, பாதிச் சுருள் சும்மா கிடக்கும். நான்கு கம்பிகள் வெளியே வர வேண்டும்.

மாஸ்ஃபெட்டில் போலி அதிகம். பெயரை அழித்து வேறு பெயர் பொறித்தவை பார்வைக்கு அச்சாக அப்படியே இருக்கும். மூன்று கால்களில் கேட் என்பது திறக்கச் சொல்லும் கால், டிரெயினும் சோர்ஸும் கரண்ட் பாயும் கால்கள். சோதனை எளிது: கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 வோல்ட் கொடுத்து, டிரெயின் வழியாக 5 ஆம்பியர் ஓடவிட்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே மில்லிவோல்டில் அளவெடுங்கள். அசல் ஐஆர்எஃப் 3205 என்றால் 40க்குப் பக்கத்தில், ஐஆர்எஃப் 1404 என்றால் 20க்குப் பக்கத்தில் வரும். 100க்கு மேல் காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அளவெடுக்கும் முள்ளைக் காலின் அடியிலேயே வைக்க வேண்டும், முனையில் வைத்தால் காலின் தடையும் கூடவே சேர்ந்துகொள்ளும்.

டொராய்டு விலை கூடத்தான். ஆனால் சும்மா இருக்கும்போது அது தின்பது 2 வாட் அளவில். அதே கொள்ளளவு கொண்ட சாதாரண இஐ (தகடுகளை அடுக்கிய) டிரான்ஸ்ஃபார்மர் 8 வாட் வரை தின்னும். 55 வாட் காற்றாடிக்கு 6 வாட் வித்தியாசம் என்பது பேட்டரியில் அரை மணி நேரத்துக்குச் சமம்.

சோக்: கொஞ்சம் பொறுமை தேவை

பலகையிலிருந்து வருவது 23.4 கிலோஹெர்ட்ஸில் வெட்டப்பட்ட அலை. அதை மென்மையாக்க, தாழ் வோல்டேஜ் பக்கம் தொடராக ஒரு சோக்கும், 230 வோல்ட் பக்கம் ஒரு கெப்பாசிட்டரும் வேண்டும். சோக் 40 மைக்ரோஹென்றி அளவில் இருந்தால் 12.5 வோல்டில் சிற்றலை 3.3 ஆம்பியருக்குள் அடங்கும். 13 ஆம்பியர் உச்சத்துக்கு இது ஏற்றது.

தூக்கிப்போட்ட கணினிப் பவர் சப்ளைக்குள் 27 மி.மீ. விட்டத்தில் மஞ்சள் நிறம், ஒரு பக்கம் வெள்ளை பூசிய வளையம் இருக்கும். இரண்டைக் கழற்றிப் பழைய சுருளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, 1.4 மி.மீ. கம்பி இரண்டைச் சேர்த்துப் பிடித்து 15 சுற்று சுற்றுங்கள். எல்சி மீட்டரில் 40க்குப் பக்கத்தில் காட்டும். உச்சக் கரண்டில் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், அதனால் கெடுதல் இல்லை. பச்சை நிற ஃபெரைட் வளையத்தில் சுற்றினால் மீட்டர் பெரிய எண்ணாகக் காட்டும், மனம் குளிரும். பாரம் ஏறிய கணம் கரு நிறைவடைந்து, சோக் வெறும் கம்பியாகிவிடும். இந்த வேலைக்கு ஃபெரைட் வளையம் ஆகாது.

கெப்பாசிட்டரில் 'பெரிதாகப் போட்டால் நல்லது' என்ற எண்ணம் வேண்டாம். 1 மைக்ரோஃபாரட் 230 வோல்டில் 72 மில்லியாம்பியர் இழுக்கும். 37 மடங்கு விகிதத்தால் பெருக்கினால் தாழ் பக்கத்தில் அது 2.7 ஆம்பியர். 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் காற்றாடி ஓடாத நேரத்திலேயே 12 ஆம்பியருக்கு மேல் மாஸ்ஃபெட் வழியாக வீணாகப் போய்வந்துகொண்டிருக்கும்.

கட்டுவது

1. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு 6 வோல்ட் சுருள்களையும் இணைக்குமுன் திசையைச் சரிபாருங்கள். ஒரு முனையை மட்டும் சேர்த்து, 6 வோல்ட் சுருள் ஒன்றுக்குச் சிறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சில வோல்ட் ஏசி கொடுத்து, சேராத முனைகளுக்கு நடுவே அளந்தால் ஏறத்தாழப் பூஜ்யம் வர வேண்டும். கொடுத்ததைப்போல் இரு மடங்கு வந்தால் ஒரு சுருளைத் திருப்புங்கள். இந்த நேரத்தில் 240 பக்கத்து முனைகளைத் தொடாதீர்கள், அங்கே பெரிய வோல்டேஜ் இருக்கும்.

2. நான்கு மாஸ்ஃபெட்டையும் 100-க்கு 60 மி.மீ., 3 மி.மீ. தடிமன் அலுமினியத் தகட்டில் பொருத்துங்கள். முதுகு டிரெயின் என்பதால் மைக்கா அல்லது சிலிக்கான் தாளும், திருகுக்குப் பிளாஸ்டிக் வளையமும் கட்டாயம். மேல் இரண்டின் டிரெயின் ஒன்றாகச் சேரலாம், கீழ் இரண்டு சேரவே கூடாது.

3. ஒவ்வொரு கேட்டிலும் காலுக்கு அருகிலேயே 10 ஓம் தொடராகவும், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓமும் வையுங்கள். பலகையிலிருந்து கேட்டுக்குப் போகும் கம்பி 8 செ.மீ.க்கு மிகாமல், அதனதன் சோர்ஸ் கம்பியோடு முறுக்கியபடி போகட்டும். நீண்ட கேட் கம்பி அலைபாயும், அலைபாயும் கேட் மாஸ்ஃபெட்டைக் கொல்லும்.

4. மூன்று 3300 கெப்பாசிட்டர்களும், இரண்டு பிலிம் கெப்பாசிட்டர்களும், டிவிஎஸ் டயோடும் பிரிட்ஜின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே, மாஸ்ஃபெட்டுக்குத் தொட்டடுத்து வர வேண்டும். பேட்டரிப் பக்கம் வைத்தால் பயனில்லை.

5. கீழ் மாஸ்ஃபெட்டுகளின் சோர்ஸ் இரண்டும் சேர்ந்து 0.01 ஓம் வழியாக மைனஸுக்குப் போகட்டும். அங்கிருந்து பலகையின் ஐஎஃப்பி (கரண்டைக் கவனிக்கும்) முனைக்கு ஒரு கம்பி. பலகை 0.5 வோல்டில் கரண்ட் மிகுதி என்று நிறுத்தும், அதாவது 50 ஆம்பியர் உச்சத்தில். காற்றாடி கிளம்பும் 26 ஆம்பியரை அது தடுக்காது.

6. பலகைக்கு 12 வோல்டும், 7805 வழியாக 5 வோல்டும் கொடுங்கள். ஜம்பர்களில் 50 ஹெர்ட்ஸையும் மூன்று நொடி மென்தொடக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். டெட் டைம், அதாவது மேல் மாஸ்ஃபெட் அணைந்து கீழ் மாஸ்ஃபெட் திறக்கும்வரை விடும் இடைவெளி, 1 மைக்ரோநொடி. 300 நானோநொடியில் விட்டால், மெதுவாக அணையும் மாஸ்ஃபெட்டில் மேலும் கீழும் ஒரு கணம் ஒன்றாகத் திறந்து பேட்டரியையே ஷார்ட் செய்யும். வெப்பம் பார்க்கும் டிஎஃப்பி முனையைப் பயன்படுத்தாவிட்டால் மைனஸில் சேர்த்துவிடுங்கள்.

7. பிரிட்ஜின் ஒரு கையிலிருந்து (மேல், கீழ் மாஸ்ஃபெட் சேரும் இடம்) சோக் வழியாகவும், மறு கையிலிருந்து நேராகவும் டிரான்ஸ்ஃபார்மருக்கு. பேட்டரிக் கம்பி 6 சதுர மி.மீ., அரை மீட்டருக்குள். 20 ஆம்பியர் பியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸ் இன்வெர்ட்டர் பெட்டிக்குள் இருந்தால், வழியில் கம்பி நசுங்கும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது.

8. 230 பக்கம் 1 ஆம்பியர் பியூஸ், குறுக்கே 1 மைக்ரோஃபாரட், பிறகு சாக்கெட். அதே வெளியீட்டில் சிறு டிரான்ஸ்ஃபார்மரை இணைத்து, அதன் 6 வோல்டை நான்கு டயோடுப் பிரிட்ஜ் வழியாக டிரிம்மருக்குக் கொடுத்து, நடுமுனையைப் பலகையின் விஎஃப்பி (வெளியீட்டு வோல்டேஜைக் கவனிக்கும்) முனைக்குக் கொண்டுபோங்கள். சிப் எதிர்பார்ப்பது 3 வோல்ட் உச்சம். பெரிய கெப்பாசிட்டர் போட்டு இதைச் சமப்படுத்த வேண்டாம்.

கடைசிக் கம்பியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விஎஃப்பி கம்பி விட்டுப்போனால் வெளியீடு குறைவு என்று சிப் நினைத்துக்கொண்டு முழு வீச்சில் தள்ளும். நிறைந்த பேட்டரியில் வெளியீடு 320 வோல்டைத் தாண்டும். சில நொடியில் பாதுகாப்பு நிறுத்தினாலும், அந்தச் சில நொடி போதும். இந்த ஒரு சோல்டரை இரண்டு முறை பாருங்கள்.

முதல் முறை ஆன் செய்வது

பேட்டரியை நேரடியாக மாட்டாதீர்கள். காரின் சிக்னல் பல்பு, 12 வோல்ட் 21 வாட், பிளஸ் கம்பியில் தொடராக இருக்கட்டும். எங்கே தவறு இருந்தாலும் பல்பு பளிச்சென்று எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பல்பு எரியக் கூடாது. சில நொடியில் பலகையின் விளக்கு நான்கு முறை சிமிட்டி நிற்கும். வெளியீடு இல்லாததால் வோல்டேஜ் குறைவு என்று சொல்கிறது, அதுதான் சரி. இரண்டு முறை சிமிட்டினால் கரண்ட் மிகுதி, மூன்று என்றால் வோல்டேஜ் மிகுதி, ஐந்து என்றால் வெப்பம். இந்த எண்களைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிறகு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து, டிரிம்மரை வெளியீடு மிகக் குறைவாக வரும் கோடிக்குத் திருப்பி வைத்து ஆன் செய்யுங்கள். எந்தக் கோடி என்பதை ஓம் மீட்டரில் முன்பே பார்த்துவைக்க வேண்டும்: நடுமுனை டயோடுகளின் பிளஸ் பக்கம் ஒட்டியிருந்தால் வெளியீடு குறைவு. மெதுவாகத் திருப்பி 230க்குக் கொண்டுவாருங்கள். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரே இதற்கு உகந்தது. பல்பை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்தால், பாரம் இல்லாமல் பேட்டரி கரண்ட் அரை ஆம்பியருக்குள் நிற்க வேண்டும்.

முதல் பாரம் காற்றாடி அல்ல, 40 அல்லது 60 வாட் சோல்டரிங் அயர்ன். குண்டு பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை, அயர்ன் எல்லாரிடமும் இருக்கும். பத்து நிமிடம் ஓடட்டும், வோல்டேஜ் 225க்குக் கீழே போகாமல் இருக்கட்டும். அதன் பிறகு காற்றாடியை அதிக வேகப் பொத்தானில் வைத்து, இன்வெர்ட்டரை அதன் பிறகு ஆன் செய்யுங்கள். மென்தொடக்கத்தில் வோல்டேஜ் மூன்று நொடியில் மெல்ல ஏறுவதால் கிளம்பும் இழுப்பு பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. குறைந்த வேகத்தில் தொடங்கினால் சில காற்றாடிகள் உறுமிக்கொண்டே நிற்கும்.

ஒரு மணி நேரம் கழித்துத் தகட்டைத் தொட்டால் சூடு தெரியலாம், கையை எடுக்க வைக்கக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் போனால் எங்கோ பிழை.

எங்கே எவ்வளவு போகிறது

நல்லபடி கட்டியதில் 55 வாட் பாரத்துக்கு இழப்பு சுமார் 9 வாட்: மாஸ்ஃபெட்டில் 2 முதல் 3, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் 2, செம்பில் ஒன்றரை, சோக்கில் ஒன்றுக்குச் சற்றுமேல், மீதி கம்பியிலும் பலகையிலும். திறன் 86 விழுக்காடு. உங்கள் அளவு 75க்குக் கீழே வந்தால் பாகத்தை மாற்றுமுன் கம்பி முனைகளைப் பாருங்கள். 7 வோல்ட் சுற்றில் பத்தில் ஒரு வோல்ட் இழப்பது ஒன்றரை விழுக்காடு. தளர்ந்த ஒரு திருகு இதைச் சுலபமாகத் தின்றுவிடும். கிரிம்ப் செய்த லக்குக்கு (அழுத்திப் பொருத்திய கம்பி முனை) மேல் சோல்டரும் வைப்பது வீண் வேலை என்று சிலர் சொல்வார்கள். கிரிம்ப் செய்யும் நல்ல கருவி இல்லாதவர்களுக்கு அது வீண் வேலை இல்லை.

தவறுகளும் காரணங்களும்

பாரம் இல்லாமலே மாஸ்ஃபெட் சூடாகிறது: டெட் டைம் குறைவு, அல்லது கேட் கம்பி நீளம், அல்லது 230 பக்கத்துக் கெப்பாசிட்டர் பெரிது. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பேட்டரி பாதி இறங்கியதும் காற்றாடி உறுமத் தொடங்குகிறது: அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் விகிதம் போதவில்லை, அல்லது பேட்டரிக் கம்பி மெலிது. பேட்டரி முனையிலும் பிரிட்ஜ் முனையிலும் ஒரே நேரத்தில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

டொராய்டு திடீரென 'டங்' என்று அதிர்கிறது: கருவில் டிசி கலந்திருக்கிறது. ஒரு கையின் கேட் ரெசிஸ்டர் மாறியிருக்கலாம், நான்கில் ஒரு மாஸ்ஃபெட் போலியாக இருக்கலாம்.

காற்றாடி சுற்றவே இல்லை, வோல்டேஜ் சரியாக இருக்கிறது: அதே காற்றாடியை வீட்டுச் சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். பழைய காற்றாடியின் கெப்பாசிட்டர் ஏற்கெனவே செத்திருக்கும், பழி இன்வெர்ட்டர் மேல் விழும்.

மாஸ்ஃபெட் வெடித்தால் வெடித்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஜோடியாக மாற்றி, பலகையின் டிரைவரையும் சோதித்து, மறுபடி சிக்னல் பல்பு வழியாகவே தொடங்குங்கள்.

வெளியே கொண்டுபோகும்போது

இங்கே பிற்பகல் இடிமழை பசார் மாலாம் கூடும் நேரம் பார்த்துத்தான் வரும். பெட்டி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், காற்றுத் துளைகள் பக்கவாட்டில் கீழ்நோக்கி இருக்கட்டும். துளைக்கு மெல்லிய கம்பிவலை அவசியம்: பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான பெட்டியைத் தேடி வரும், 230 வோல்ட் முனைகளுக்கு நடுவே படுத்த பல்லி பியூஸையும் கூட்டிக்கொண்டு போகும்.

வெளியீட்டின் இரு கம்பிகளும் பூமியோடு இணைக்கப்படாதவை. ஒரு கம்பியைத் தொட்டால் ஒன்றும் தெரியாமல் போகலாம், இரண்டையும் தொட்டால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் காப்பாற்றும் ஆர்சிடி (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) இங்கே வைத்தாலும் வேலை செய்யாது. ஒரு சாக்கெட், ஒரு காற்றாடி, அதுவும் இரட்டைக் காப்புக் குறியுள்ளதாக இருக்கட்டும். பல முனை நீட்டிப்பு வயரில் நாலு கடைக்குப் பகிர வேண்டாம். இரு பக்கமும் பிளக் உள்ள வயரால் இதை வீட்டுச் சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்க ஓட்டலாம் என்ற யோசனை எழுந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டு மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் நான்கு மாஸ்ஃபெட்டும் ஒருசேரப் போகும். அதற்கு முன்பே தெருவில் கம்பி சரிசெய்துகொண்டிருப்பவர் கைக்கு உங்கள் 230 வோல்ட் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இதே கருவியில் 100 வாட்டுக்குள் உள்ள நீர்ப் பம்பை ஓட்ட விரும்பினால் சில மாற்றங்கள் தேவை. பம்பு தண்ணீரைச் சுமந்தபடி கிளம்புவதால், மூன்று நொடி மெல்ல ஏறும் வோல்டேஜில் சுற்றாமல் நின்றபடியே கரண்டை இழுத்துச் சூடாகும். அதனால் இன்வெர்ட்டரை முதலில் ஆன் செய்து, 230 நிலைத்த பிறகு பம்பின் சுவிட்சைப் போடுங்கள். பேட்டரிப் பியூஸை 30 ஆம்பியராகவும் கம்பியை 10 சதுர மி.மீ. ஆகவும் கூட்டுங்கள். மாஸ்ஃபெட் ஐஆர்எஃப் 1404 ஆகவே இருக்கட்டும், 3205 இங்கே போதாது.